51 என்பது ஆண்டல்ல

"தாத்தாவின் பார்க்கர் 51. 1951-இல் வாங்கினார், பேரிலேயே இருக்கிறதே." பழைய பேனாக்களைச் சேர்க்கிறவன் என்று தெரிந்தால், பலர் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். தாத்தா 1951-இல் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த எண் அதற்குச் சாட்சியாகாது. பார்க்கர் நிறுவனம் தொடங்கியது 1888-இல். அதன் 51-வது ஆண்டான 1939-இல் இந்தப் பேனா உருவானதால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-இல். அதன் பிறகு எழுபதுகள் வரை தயாரானது. அதாவது அந்த எண்ணை மட்டும் வைத்து முப்பது ஆண்டுகளுக்குள் எந்த ஆண்டையும் சொல்லிவிடலாம்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முதலில் மை நிரப்பும் முறையை. பின்முனையில் உள்ள சிறு மூடியைத் திருகி எடுத்தால் அழுத்தும் தண்டு தெரிகிறதா? அது வாக்குமேட்டிக். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 1941 முதல் 1948-க்குள். பீப்பாயை, அதாவது பேனாவின் உடற்குழாயை, கழற்றினால் உலோக உறைக்குள் பிதுக்கும் டியூப் இருக்கிறதா? அது ஏரோமெட்ரிக். 1948-க்கு முன் அது இல்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, பீப்பாயில் மூடி வந்து உட்காரும் விளிம்பை ஒட்டிய பொறிப்பு. நாற்பதுகளின் அமெரிக்கப் பேனாக்களில் "மேட் இன் யு.எஸ்.ஏ." என்பதன் பக்கத்தில் ஓர் இலக்கமும் சில புள்ளிகளும் இருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் காலாண்டு: முதல் காலாண்டுக்கு மூன்று, பிறகு காலாண்டுக்கு ஒன்றாகக் குறைந்து கடைசிக் காலாண்டில் ஒன்றும் இராது. 6-உம் இரண்டு புள்ளிகளும் கண்டால் 1946-இன் இரண்டாம் காலாண்டு. எனக்கு இதைவிட இனிமையான கண்டுபிடிப்பு வேறில்லை. எழுபது, எண்பது ஆண்டுப் பழைய பொருள் தன் பிறந்த பருவத்தையே சொல்கிறது!

"மூடியின் கிளிப்பில் நீல வைரம் இருக்கிறது, அதனால் பேனா பழையது" என்பதும் அரைகுறை. நாற்பதுகளில் அந்த நீல வைரம் ஆயுள்கால உத்தரவாதத்தின் அடையாளம். அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே கைவிடப்பட்டது. ஆனால் மூடி மாறக்கூடியது. ரிப்பேர் கடையில் எத்தனை மூடிகள், எத்தனை நிப்புகள் கைமாறியிருக்கும்! நீல வைர மூடிக்குள் ஏரோமெட்ரிக் உடல் இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவையா என்று சந்தேகிக்க வேண்டும். நிப்பிலும் இதே கதைதான். 14 காரட் என்ற எழுத்து தங்கத்தின் தரத்தைச் சொல்கிறது, ஆண்டைச் சொல்லவில்லை.

வாட்டர்மேன் பேனா வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. சில பழைய பேனாக்களின் பீப்பாயில் 1884, 1903 என்று பொறித்திருக்கும். அவை காப்புரிமை ஆண்டுகள். அதே பொறிப்பைத் தாங்கிய 52-ஆம் எண் பேனாவில் பக்கவாட்டில் நெம்புகோல் இருந்தால், அது 1910-களின் நடுவில் வந்த அமைப்பு. எனவே பேனா 1884-ஐச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. இந்த 52-உம் ஆண்டல்ல: 5 நெம்புகோல் வகையைக் குறிக்கும், 2 நிப்பின் அளவை.

கடைசியாக, மிகவும் கெடுதல் செய்யும் நம்பிக்கை: "தண்ணீரில் ஊறவைத்துப் பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும்." பழைய கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவை ஊறவைத்தால் பழுப்பாக வெளிறிவிடும். பாலிஷ் போட்டால் ஆண்டைச் சொல்லும் பொறிப்பே தேய்ந்து போகும். போன பொறிப்பு திரும்பி வராது. ஆகவே துணியைக் கையில் எடுக்கும் முன், ஒரு பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, எழுத்துகள் அனைத்தையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.