பிள்ளைகளுக்கு கேம் ஏற்றும் முன்...

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து அப்பா வீடு வந்ததும், அவர் செல்போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். சாகச கேம் எதையாவது ஏற்றிக் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

● பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 7+, 12+ என்று வயது போட்டிருக்கும். ஸ்டாரை நம்பாமல் அதைப் பாருங்கள்.

● இலவச கேமிலும் 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்றிருந்தால் வாளுக்கும் உடைக்கும் உள்ளே காசு கேட்கும். வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்ஸில் மாற்றி வையுங்கள்.

● முகம் தெரியாதவர்களோடு சாட் செய்யும் வசதி இருக்கிறதா? சிறுவர்களுக்கு அது வேண்டாம். நெட் இல்லாமல் ஓடும் கேம் நல்லது.

● மைன்கிராஃப்டில் 'பீஸ்ஃபுல்' வைத்தால் தாக்க வரும் அரக்கர் தொல்லை இல்லை. லெகோ சாகசங்கள் பலவற்றில் ஒரே திரையில் இருவர் சேர்ந்து ஆடலாம்.

● புனேயில் உருவாகி 2020-ல் வந்த 'ராஜி' கண்ணுக்கு அழகு. ஆனால் சண்டை அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

● அதே ஆண்டு வந்த 'ஆல்பா'வில் துப்பாக்கியே இல்லை. ஒரு சிறுமி தீவு முழுக்கச் சுற்றிப் பறவைகளைப் படமெடுத்து, ஹோட்டல் வரவிருந்த சரணாலயத்தைக் காக்கப் போராடுகிறாள். கம்ப்யூட்டரில் ஆடலாம்.

● எந்த கேமானாலும் முதல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள்.

'ஆல்பா' பிடித்துப்போன பிள்ளையை, பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரிக்கு அழைத்துப்போய் நிஜப் பூநாரைகளையும் காட்டிவிடுங்கள்!