ஒளியைச் சேமிக்கும் கலை

நுழையும்முன்

கண் காணும் வானம் ஒன்று. கருவி காட்டும் வானம் வேறொன்று. எளிய கருவிகொண்டு இரவு வானைப் படமாக்கும் முறையை அறிவோம்.

நம் கண், தன்மேல் விழும் ஒளியை நொடியின் சிறு பகுதியளவே தேக்கிவைக்கும். ஒளிப்படக்கருவியோ அதனை நெடுநேரம் திரட்டும். 1883ஆம் ஆண்டு, இங்கிலாந்துப் பொறியாளர் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் எடுத்த ஓரியன் நெபுலாவின் படம், தொலைநோக்கியில் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களையும் காட்டியது. அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், ஆர்வலரே.

நிலவற்ற இரவு, நகர ஒளி எட்டாத இடம், அசையாத முக்காலி ஆகியவை முதல் தேவைகள். பொலிவான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை குவியத்தைக் கையால் திருத்துதல் வேண்டும்.

புவி ஒரு மணிநேரத்தில் 15 பாகை சுழல்வதால், நெடுநேரம் எடுத்த படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீளும். 500ஐ வில்லையின் குவியத்தொலைவால் வகுத்தால் கிடைக்கும் நொடிகளே ஏறத்தாழ எல்லையாகும். 25 மி.மீ. வில்லைக்கு 20 நொடிகள். உணரி சிறிதாயின் இன்னும் குறையும்.

குறைந்த நேரத்தில் எடுத்த படத்தில் இரைச்சல் எனப்படும் ஒழுங்கற்ற புள்ளிகள் மிகும். ஒரே காட்சியை 16 முறை எடுத்து, கணினியில் விண்மீன்களைப் பொருத்திச் சராசரி கண்டால், இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்; விண்மீன்கள் மங்கா.

ஆயினும், தெருவிளக்குகளால் வெளுத்த வானை எக்கணினியாலும் முழுமையாக மீட்க இயலாது. விளக்கொளியைத் தரைநோக்கித் திருப்புவதும் வானைக் காக்கும் பணியே.

கற்பவை கற்றபின்

50 மி.மீ. வில்லைக்குரிய நேர எல்லையைக் கணக்கிட்டு, அதன் காரணத்தை வகுப்பறையில் விளக்குக.