காட்டில் குளிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

'ஷின்ரின் யோகு' என்றால் காட்டுக் குளியல். துண்டு, சோப்பு எதுவும் வேண்டாம். 1982இல் ஜப்பான் வனத்துறைத் தலைவராக இருந்த டொமோஹிடே அகியாமா வைத்த பெயர் இது. அதே ஆண்டு நாகானோ மாநிலத்தின் அகசாவா காட்டில் முதல் குளியல் நடந்தது. தொடங்குவதற்கு இன்றும் அதுவே நல்ல இடம்.

போய்ச் சேருதல்

நகோயாவிலிருந்து ரயிலில் அகெமாட்சு; அங்கிருந்து பேருந்தில் சுமார் அரை மணி. குளிர்காலத்தில் காடு மூடிக்கிடக்கும். மே முதல் அக்டோபர் வரை போகலாம்.

கிளம்பும் முன்

முதல்முறை வழிகாட்டியோடு போங்கள். பாதை தெரியாது என்பதற்காக அல்ல. தனியாகப் போனால் கால் தானாக வேகம் பிடித்துவிடும். காட்டுக் குளியலிலோ இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் தாண்டினாலே அதிகம். மலையேற்றம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் அரை மணி எரிச்சலாகத்தான் இருக்கும்.

போனை அணைத்துவிடுங்கள். மழைச்சட்டையும் உட்கார ஒரு விரிப்பும் போதும். கரடி நடமாடும் மலை என்பதால் பையில் மணி கட்டிக்கொள்வார்கள். அமைதி தேடி வந்த இடத்தில் கிணிகிணி சத்தமா என்று கழற்றிவிடாதீர்கள்.

முதலில் காது, பிறகு மூக்கு

நின்று கண்ணை மூடுங்கள். பக்கத்துச் சத்தம் அடங்கியதும் தூரத்து ஓடை கேட்கும். அடுத்தது வாசனை. இங்கே நிற்பவை முந்நூறு வயது ஹினோக்கி மரங்கள். கீழே விழுந்த ஒரு சிராயை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள்: எலுமிச்சைத் தோலும் புதுப் பலகையும் கலந்த மணம். இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட இந்தக் கிசோ மலை மரம் போவது ஏன் என்று மூக்குக்கே புரிந்துவிடும். உயிரோடு நிற்கும் மரத்தில் பட்டை உரிக்கக் கூடாது.

ஒரே இடத்தில் இருபது நிமிடம்

ஒரு மரத்தடியைப் பிடித்து உட்காருங்கள். ஐந்தாம் நிமிடம் போரடிக்கும். பிறகுதான் பாசியின்மேல் ஊரும் எறும்பு கண்ணில் படும்.

நோய் தீருமா?

மருத்துவர் சிங் லீயின் ஆய்வுகளில் காட்டில் தங்கியவர்களுக்கு நோயெதிர்ப்பு அணுக்களின் செயல்பாடு கூடியிருந்தது. ஆனால் அவர் சோதித்தது சிலரைத்தான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போகாதீர்கள்.

முடிக்கும்போது

சில வழிகாட்டிகள் கடைசியில் தேநீர் தருவார்கள், முதல் கோப்பையை மண்ணில் ஊற்றிவிட்டு. ஆறவிட்டு மெதுவாகக் குடியுங்கள்; கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்து வைத்திருங்கள்.