வெயிலா, வேறெதுவா?

மரக்காணத்து உப்பளங்களில் கோடையில் நிற்பவருக்கு வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை; பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பும் கதிர்களைத் திருப்பி முகத்தில் வீசும். கடற்காற்று ஈரமாதலால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடலும் குளிராது. எனவே சாதாரண வெப்பமானி இங்குப் போதாது. ஈரத்துணி சுற்றிய குமிழின் அளவில் பத்தில் ஏழு பங்கு, கரிய கோளத்துள் வைத்த வெப்பமானியின் அளவில் இரண்டு பங்கு, காற்றின் வெப்பநிலையில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டவேண்டும். இவை முறையே 28, 45, 36 பாகை என்று கொண்டு நீங்களே கணக்கிடுங்கள், 32.2 வரும். கடும் உழைப்புக்குரிய எல்லை ஏறத்தாழ 27.5 தான்!

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் எல்லை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுக்கு 7 பேர் வீதம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

வெயிலே காரணம் என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். ஒருமுறை எடுத்த அளவு புகைப்படம் போன்றது. எது முந்தியது, எது பிந்தியது என்று அது சொல்லாது. நோய் முற்றியவர் வேலையை விட்டே போயிருப்பார். அவர் கணக்கில் வரமாட்டார். உடல்வலிக்கு விழுங்கும் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இளம் தொழிலாளர்களின் சிறுநீரகம் பழுதடைந்து வந்தது. வெப்பமா, பூச்சிமருந்தா என்று அங்கே வழக்கு. இரண்டும் ஒரே வயலில் இருந்தால் எப்படிப் பிரிப்பது? நம் உப்பளம் இங்கேதான் உதவுகிறது. உப்புக்கு யாரும் பூச்சிமருந்து தெளிப்பதில்லை! ஆகவே மருந்து இல்லாமலும் இக்கேடு நேரலாம் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் வெப்பம் மட்டுமே போதும் என்று அதனால் நிறுவப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நாம் ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்போம். மனிதரை வேண்டுமென்றே வெயிலில் வாட்ட முடியாது. வெயிலைக் குறைத்துப் பார்க்கலாம். நிகரகுவாவின் ஓர் ஆலை தன் கரும்பு வெட்டுவோருக்கு ஓய்வையும் நிழலையும் கூட்டியது. 2017-18 அறுவடையில் நூற்றுக்கு 27 பேருக்கு ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பு அடுத்த அறுவடையில் 7 ஆயிற்று. வலுவான சான்றுதான், எனினும் இரண்டு ஆண்டுகளும் எல்லா வகையிலும் ஒன்றல்லவே.

மரக்காணத்தில் இன்னும் திருத்தமாகச் செய்யலாம். நிழலும் நீரும் எப்படியும் எல்லாருக்கும் கொடுக்கவேண்டியவை. ஒரே நாளில் எல்லா அளங்களிலும் அமைக்க முடியாதென்றால், முதலில் எந்த அளம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். உப்புப் பருவம் தொடங்குமுன் ஒருமுறையும், மழை வந்து வேலை நிற்கும்போது ஒருமுறையும் எல்லாருடைய இரத்தத்திலும் கிரியாட்டினினை அளந்து, இரு தரப்பையும் ஒப்பிடவேண்டும்.