மழைநாட்டில் நாயுடன் நெடுநடை: வெஸ்ட் ஹைலேண்ட் வே வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டை ஊடுருவிச் செல்லும் வெஸ்ட் ஹைலேண்ட் வே, கிளாஸ்கோ நகரை ஒட்டிய மில்காய் என்னும் ஊரில் தொடங்கி, பிரிட்டனின் மிக உயரமான மலையாகிய பென் நெவிஸின் (1,345 மீட்டர்) அடிவாரத்தில் அமைந்த ஃபோர்ட் வில்லியத்தில் முடிகிறது. 154 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, ஸ்காட்லாந்தில் அரசு ஏற்பு பெற்ற முதல் நெடுநடைப் பாதையாக 1980இல் திறக்கப்பட்டது. மாட்டு மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற பழைய தடங்களும், 18ஆம் நூற்றாண்டில் படைகளின் போக்குவரத்துக்காக அமைக்கப்பட்ட இராணுவச் சாலைகளும், கைவிடப்பட்ட ஓர் இரயில் தடமும் இணைந்து உருவானது ஆதலால், பெரும்பகுதி அகலமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. நாயுடன் நடப்பதற்கு இப்பாதை ஏற்றது. எனினும் இங்கே பெய்யும் மழையைக் கருத்தில் கொண்டு, ஒரு நாளின் தொலைவை மனிதரின் கால்வலிமையைக் கொண்டு அளக்காமல், அன்றிரவு நாயின் உடல் முழுவதுமாக உலரக்கூடிய இடம் எங்கே கிடைக்கும் என்பதைக் கொண்டு வகுத்துக்கொள்வதே பயணத்தின் அடிப்படை விதியாகும்.

மழையும் பருவமும்

அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று மேற்குக் கரையோர மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால் இப்பகுதியில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி வால்பாறையை நனைப்பதும் இதே முறையில்தான். வேறுபாடு வெப்பநிலையில் இருக்கிறது. இங்குக் கோடையிலும் உயர்ந்த இடங்களில் காற்றோடு கூடிய மழை உடற்சூட்டை விரைந்து கவர்ந்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலம் ஒப்பளவில் மழை குறைந்தது. இலையுதிர் காலமும் குளிர்காலமும் மழை மிகுந்தவை. மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை, மிட்ஜ் எனப்படும், கொசுவினும் சிறிய கடிப்பூச்சிகள் காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் கூட்டமாக மொய்க்கும். இவற்றுக்காக மனிதர் பூசிக்கொள்ளும் டீட் என்னும் வேதிப்பொருள் கலந்த பூச்சிவிரட்டியை நாயின் உடலில் பூசக்கூடாது; அதை நக்கி விழுங்கினால் நஞ்சாகும்.

புறப்படும் முன்

எலும்பு வளர்ச்சி முடியாத குட்டிகளையும், மூட்டுநோய் உள்ள முதிய நாய்களையும் இத்தகைய பயணத்துக்கு அழைத்துச் செல்வது தவிர்க்கத்தக்கது. கீழ்மயிரும் மேல்மயிரும் கொண்ட இரட்டை அடுக்கு உரோம நாய்கள் மழையைத் தாங்கும். உரோமம் குட்டையான, மெலிந்த இன நாய்களுக்கு மார்பையும் வயிற்றையும் மூடும் மழைச்சட்டை இன்றியமையாதது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசியும், உண்ணித் தடுப்பு மருந்தும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்னதாகவே முடிக்கப்பட வேண்டியவை.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு உள்நாட்டுப் பயணத்தில் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. நாயின் உடலில் மைக்ரோசிப்பும், கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுசெல்வோர், மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதன் பின் குறைந்தது 30 நாள் கழித்து எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை, பரிசோதனை நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, பிரிட்டனை அடைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து என்னும் வரிசையைப் பின்பற்ற வேண்டியிருப்பதால், பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குவது நல்லது.

பாதையின் கட்டங்கள்

வழக்கமாக ஏழு நாளில் நடந்து முடிக்கப்படும் இப்பாதைக்கு, நாயுடன் செல்வோர் எட்டு அல்லது ஒன்பது நாள் ஒதுக்கிக்கொள்வது பொருத்தம். மில்காயிலிருந்து ட்ரைமென் வரையிலான முதல் 19 கிலோமீட்டர் சமதளமாகவும் ஊர்களுக்கு அருகிலும் செல்வதால், நாயின் நடைவேகத்தையும் மழைச்சட்டை எங்கே உராய்கிறது என்பதையும் கணித்துக்கொள்ள உதவுகிறது. அடுத்து வரும் கோனிக் குன்றில் ஏறி இறங்கினால் லோமண்ட் ஏரியின் கிழக்குக்கரை தொடங்கும். இக்கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரம் அடிக்க முன்அனுமதி தேவை என்பதைத் தங்குமிடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரியின் கிழக்குக்கரையிலுள்ள ரவர்டெனனிலிருந்து இன்வெரார்னன் வரையிலான 22 கிலோமீட்டர், எண்ணிக்கையில் சிறிதாகத் தோன்றினாலும், மழையில் நாய்க்கு மிகக் கடினமான கட்டம் இதுவே. குறிப்பாக இன்வெர்ஸ்னேய்டுக்கு வடக்கே பாதை ஏரிக்கரைப் பாறைகளின் இடையிலும் வழுக்கும் மரவேர்களின் மேலும் நெளிந்து செல்வதால், முதுகுப்பகுதியில் கைப்பிடி வைத்துத் தைத்த ஹார்னெஸ், அதாவது மார்புப்பட்டை, நாயைத் தூக்கி இறக்கப் பயன்படும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு இத்தகைய இடங்களில் இருவரையும் ஒன்றாக வீழ்த்தக்கூடும் ஆகையால் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதே முறை. இங்குக் காட்டு ஆடுகள் திரிவதால் கயிற்றை முற்றிலும் விட்டுவிடவும் இயலாது.

டைன்ட்ரம் ஊரை நெருங்கும்போது, பழைய ஈயச் சுரங்கத் தொழிலின் கழிவால் புல்லும் முளைக்காத ஒரு வெற்றுநிலம் பாதையோரத்தில் வருகிறது. இங்குத் தேங்கும் மழைநீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டைன்ட்ரத்திலிருந்து கிங்ஸ்ஹவுஸ் வரையிலான 30 கிலோமீட்டரைப் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியிலோ இன்வெரோரனிலோ இரண்டாகப் பிரித்துக்கொள்வது சிறந்தது. இன்வெரோரனுக்குப் பின் ரன்னோக் என்னும் பரந்த சதுப்புமேட்டின் விளிம்பில் செல்லும் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் ஒதுங்க இடமில்லை. பலத்த காற்றும் மழையும் அறிவிக்கப்பட்ட நாளில் அக்கட்டத்தைத் தொடங்காமல் ஒரு நாள் காத்திருப்பது அறிவுடைமை. கிங்ஸ்ஹவுஸைத் தாண்டியதும், டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் எனப்படும் வளைவுப்பாதை ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இப்பயணத்தின் உச்சியை அடைந்து, கின்லோக்லெவனுக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஃபோர்ட் வில்லியம் வரையிலான கடைசி 24 கிலோமீட்டரிலும் பெரும்பகுதி திறந்தவெளியே.

நனைந்த நாயின் பராமரிப்பு

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நடந்துகொண்டிருக்கும் வரை தசையின் உழைப்பு இவ்வெப்பத்தைக் காக்கிறது. நின்றவுடன் ஈர உரோமத்திலிருந்து ஆவியாகும் நீர் சூட்டை இழுத்துக்கொள்வதால், ஆபத்து பெரும்பாலும் ஓய்வெடுக்கும்போதே தொடங்குகிறது. ஆகவே மழையில் நீண்ட ஓய்வைத் தவிர்த்து, குறுகிய ஓய்வுகளாகப் பிரித்து, ஈரத்தரையில் நாய் படுக்காதபடி மடிக்கத்தக்க நுரைப்பாயை விரிக்க வேண்டும். உடல்வெப்பம் குறைவதன் முதல் அறிகுறி நடுக்கம். நடுக்கம் நின்றும் நாய் சோர்ந்து தள்ளாடினால் நிலைமை மோசமாகியுள்ளது என்று பொருள். அப்போது காற்றுப் படாத இடத்தில் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த போர்வையில் சுற்றி, மெதுவாகச் சூடேற்றி, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பல மணி நேரம் நனைந்த பாதத்தோல் ஊறி மென்மையாவதால், இராணுவச் சாலைகளின் சரளைக்கல் அதை எளிதில் கிழித்துவிடும். ஒவ்வொரு மாலையும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, கல், முள், உண்ணி ஆகியவற்றைத் தேடுவது கட்டாயம். மார்புப்பட்டையின் ஈரவார் அக்குளில் உராய்ந்து புண்ணாக்கும் ஆதலால் இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும். நாயின் முதுகில் சுமைப்பையும் ஏற்றாமலிருப்பது மழைக்காலத்தில் மேலானது. லைம் நோயைப் பரப்பும் உண்ணியைப் பிடுங்க, கொக்கி போன்ற சிறு கருவியைத் தோலை ஒட்டிச் செருகித் திருகி எடுக்க வேண்டும்; எண்ணெய் ஊற்றுவதோ தீயால் சுடுவதோ தவறு.

குளிரில் நாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவு தேவைப்படும். அதன் பெரும்பகுதியை நடை முடிந்த பின் தருவது செரிமானத்துக்கு நல்லது. நடைப்பயணிகள் கொறிக்கும் கலவையிலுள்ள உலர்திராட்சையும் சாக்லேட்டும், வலிக்கு விழுங்கும் ஐபுப்ரொஃபென் மாத்திரையும் நாய்க்கு நஞ்சு என்பதால், நனைந்த பைகளைப் பிரித்து உலர்த்தும்போது இவை நாயின் வாய்க்கு எட்டாதபடி வைக்கப்பட வேண்டும்.

சட்டமும் ஒழுக்கமும்

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்தின் வழியே நடந்துசெல்லும் உரிமையைப் பொறுப்புடன் நடப்போருக்கு வழங்குகிறது; நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அப்பொறுப்பின் ஒரு பகுதி. செம்மறி ஆடுகள் குட்டி ஈனும் வசந்த காலத்திலும், தரையில் கூடுகட்டும் பறவைகள் அடைகாக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலும் குட்டையான கயிறு அவசியம். கால்நடைகளைத் தாக்கும் அல்லது துரத்தும் நாயின் பொறுப்பாளருக்கு, 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 40,000 பவுண்டு வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். கன்றுடன் நிற்கும் பசுக்கள் துரத்தி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பி ஓடிவிடும், மனிதரும் தப்புவார். நாயின் கழிவு பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியைப் பரப்பக்கூடியது ஆதலால், அதைப் பையில் அள்ளி அடுத்த குப்பைத்தொட்டி வரை சுமப்பது வெறும் தூய்மை குறித்த செயல் அன்று.

தங்குமிடமும் திரும்பும் வழியும்

எல்லா விடுதிகளும் நாயை ஏற்பதில்லை. ஏற்பவற்றிலும் நாய்க்கான அறைகள் சிலவே ஆகையால், கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். ஈரக்கூடாரத்தில் நாய் உலர்வது அரிது என்பதால், கூடாரத்தில் தங்குவோரும் இரண்டு அல்லது மூன்று இரவுக்கு ஒருமுறை கூரையின் கீழ் தங்கத் திட்டமிடுவது நலம். பெட்டிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்லும் கட்டணச் சேவைகள் இப்பாதையில் உள்ளமையால், உலர்ந்த துண்டுகளையும் நாயுணவையும் அவற்றில் அனுப்பலாம்.

இப்பாதையின் தனிச்சிறப்பு, கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் செல்லும் இரயில் கிரியன்லாரிக், டைன்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி ஆகிய இடங்களில் பாதையை நெருங்கி நிற்பதாகும். நாய்களுக்கு இவ்விரயிலில் கட்டணமில்லை. நாய் நொண்டினாலோ சோர்ந்தாலோ பயணத்தை நிறுத்தும் முடிவை இந்நிலையங்களில் எடுப்பது எளிது. பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கிக்குப் பின் ஃபோர்ட் வில்லியம் வரை பாதையில் இரயில் நிலையம் கிடையாது ஆகையால், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியிலேயே நாயின் பாதங்களையும் பசியையும் வானிலை அறிவிப்பையும் சோதித்த பின்னரே வடக்கே புறப்பட வேண்டும்.