தப்பும் வீணையும் சொல்லும் பாடம்



யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே வீணை படிக்கிறார்கள். அந்த வீணையில் உள்ள விஞ்ஞானத்தை நம்ம லயத்து வாசலிலேயே படிக்கலாம்.

வெறும் பால்மாப் பேணி ஒன்றை எடுங்கள். விளிம்பு கையை வெட்டாமல் பெரியவர்கள் தட்டிக் கொடுங்கள். பேணி வாய்க்குக் குறுக்கே இறப்பர் பட்டி மாட்டிச் சுண்டுங்கள். பட்டி அதிரும், காற்றும் அதிர்ந்து அலையாகக் காதுக்கு வரும். அதுதான் ஒலி. பட்டியை இழுத்து இறுக்கினால் அதிர்வு வேகமாகும், சுருதி ஏறும். தளர்த்தினால் இறங்கும். வீணைத் தந்தியும் இப்படித்தான்.

தப்பை ஏன் நெருப்பில் காய்ச்சுகிறோம்? பனி ஈரத்தில் தோல் தளர்ந்து போகும். சூட்டில் ஈரம் போய் இறுகும். அப்போது கணீரென்று கேட்கும்.

தப்படிப்பது கேவலம் என்று சிலர் பேசுகிறார்கள். அதைக் கேட்டுப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வீணைக்கும் தப்புக்கும் விதி ஒன்றுதான். அப்பா தப்புக் காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் ஒலிப் பாடம் வரும்போது அந்தப் பதில் கைகொடுக்கும்.