படுத்தால் போய்விடும் வலி

மதியம் வரை ஒன்றும் தெரியாது. நாலு மணிக்கு மேல், சேலையை விரித்துக் காட்டக் குனியும்போது, அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரு பாரம் கீழே இழுக்கும். இடது பக்கம்தான் அதிகம். ஜவுளிக்கடையில் நின்றே பார்க்கிற வேலை. துணி மூட்டையின் மேல் ஐந்து நிமிடம் சாய்ந்தால் கொஞ்சம் அடங்கும். இரவு படுத்துவிட்டால் வலி போன இடம் தெரியாது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு 6 வருடம் இப்படியே போனது. எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல். வாயு என்றார்கள், மனக்கவலை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது என் அக்காதான் தடுத்து, வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"நிக்கும்போது வலிக்குதா, படுத்திருக்கும்போதாம்மா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தொடையின் உட்புறம் நீலமாகப் புடைத்திருந்த நரம்புகளையும் பார்த்தார்.

காலில் வரும் நரம்புச் சுருட்டல் இடுப்புக்குள்ளேயும் வருமாம். சினைப்பையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்கள் கர்ப்பகாலத்தில் விரிந்துவிடும். சிலருக்கு அவற்றின் வால்வுகள் பிறகும் சரியாக மூடுவதில்லை. நிற்க நிற்க ரத்தம் கீழே தேங்கும். மல்லாந்து படுக்கவைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனில் நாளங்கள் சுருங்கி, கண்ணுக்குத் தப்பிவிடலாம். எனக்கு டாப்ளர் ஸ்கேனில், மூச்சை அடக்கி முக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. கழுத்து நாளம் வழியாக மெல்லிய குழாயை விட்டு, பழுதான நாளத்தைச் சிறு சுருள்கம்பிகளால் அடைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி, வயிற்றில் கத்தி படவில்லை. சில வாரங்களில் சாயங்கால வலி பெருமளவு விட்டது.

அடிவயிற்று வலி எல்லாமே இதுவல்ல. எண்டோமெட்ரியோசிஸ் போல வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துப் போடும் முன் இதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது வலித்தது என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதல்ல.

கணவருடன் சேர்ந்த பிறகு மணிக்கணக்கில் வலிப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாயிருந்தால் எழுதிக் கொடுங்கள். பழைய பில்லின் பின்பக்கம் நான் எழுதி நீட்டியதைப் படித்துவிட்டுத்தான் அந்த டாக்டர் டாப்ளருக்கு எழுதினார்.